திருமுல்லைவாயிலும் செம்பியன் மாதேவியாரும்

தொண்டைநாட்டின் வடபாலில், கீழ்க்கோடியில் திருவொற்றியூரும் மேற்கில் திருவாலங்காடும் விளங்குவன. ஒற்றியூர் சங்கிலியார் கன்னிமாடத்திருந்து சிவத்தொண்டு புரிந்த தலம். ஆலங்காடு, திருக்கயிலையைத் தலையினால் நடந்தேறிய காரைக்காலம்மையார், இறைவன் ஆணைவழி வந்து அவன் ஆடுந் திருவடிக்கீழ் இருக்கும் பேறு பெற்ற தலம். அம்மையார் தலையால் நடந்த மண்ணைத் தம் அடியால் மிதித்தற்கஞ்சித் திருஞானசம்பந்தர் ஆலங்காட்டுள் புகாது அயலூரில் தங்கினார் என்பது பெரியபுராணத்தால் அறியப்படும். இவ்விரண்டற்கும் இடையே, இக்காலத்து அம்பத்தூரையும் ஆவடியையும் அடுத்துள்ளது வடதிருமுல்லைவாயில். சங்கிலியார்க்கு உரைத்த சூளுறவு பிழைத்துக் கண்ணொளியிழந்த நம்பியாரூரர், ஒற்றியூரின் நீங்கிய பின் தமது துயர்தீர வேண்டிப் பதிகம் பாடிய தலமும் இதுவே.

இத்தலத்தை வழிபடச் செல்வோர் முதற்கண் கேட்பது தொண்டைமான் வரலாறாகும். முல்லைக்கொடி யானையின் காலிற் சிக்க, அதனை வாளால் வெட்டிய அரசன், இலிங்கத் திருமேனியிற் குருதி பெருகக் கண்டு நடுங்கினான் என்பதும், இறைவன் அவனுக்கு அருளி நந்தியெம்பெருமானைத் துணையாக அனுப்பினான் என்பதும், அதனாலேயே நந்தி இறைவனை நோக்காது புறநோக்கி இருக்கின்றது என்பதும் தலவரலாறு. மாசிலாமணியீசர் திருமேனியின் வடுவும், எருக்கந்தூண்களும் இவ்வரலாற்றுக்குச் சான்றாகக் காட்டப்படுவன. அரசன் பெயர் இவ்வாறு மக்கள் நாவில் நிலைபெற்றது. ஆயின், அத்திருக்கோயிற் கல்லில் நிலைபெற்ற பெயர் மற்றொன்றுண்டு. உத்தம சோழனது 14 ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 984 ஐ ஒட்டி, இக்கோயிற்கு நிலக்கொடை அளித்த செம்பியன் மாதேவியார் பெயரே அது.

இவ்வம்மையார் மழவரையர் மகளார். முதற் பராந்தகன் மைந்தனாகிய கண்டராதித்த சோழனுக்குத் தேவியார். உத்தம சோழனை ஈன்ற தாயார். கண்டராதித்தர், தில்லைக் கூத்தன்மீது பாடிய திருவிசைப்பாவினால் ஒன்பதாந் திருமுறையில் இடம் பெற்றவர். அவர் கி.பி. 957 அளவில் சிவனடி சேர்ந்தார். அம்மையாரோ அதன்பின் நாற்பதாண்டுகட்கு மேல் வாழ்ந்து, முதல் இராசராசன் ஆட்சியிலும் திருப்பணி புரிந்தார். கணவனை இழந்த அரசமாதேவியொருத்திக்கு எஞ்சிய வாழ்நாள் வெறுமையெனக் கருதுவார்க்கு அந்நாற்பதாண்டுகளே விடை பகரும்.

செங்கல்லால் அமைந்திருந்த பழங்கோயில்களைக் கருங்கற் கோயில்களாக்கியது அம்மையாரது பெருந்தொண்டு. கோனேரிராசபுரம் என வழங்கும் திருநல்லத்தில் தம் கணவனார் பெயரால் கற்றளி எடுப்பித்து, அவர் சிவலிங்கத்தை வழிபடுவதாகச் சிற்பமும் அமைத்தார். தென்குரங்காடுதுறை, திருமுதுகுன்றம், திருத்துருத்தி, திருவாரூர் அரநெறி, திருவக்கரை முதலிய தலங்களிலும் அவர் கைவண்ணம் காணலாம். இவற்றுட் பல மூவர் பாடிய தலங்களாதல் நோக்கத்தக்கது. பாடல் பெற்ற தலம் அழிந்துபடின், பாடலுக்குரிய இடமும் மறையுமன்றோ!

இனி, திருக்கோடிகாவில் நிகழ்ந்ததொன்று தனித்து நினைக்கற்பாலது. அங்கே பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளி எடுத்தபொழுது, பழங்கற்களில் இருந்த பல்லவர் முதலிய முன்னோர் காலத்துக் கல்வெட்டுக்கள் கைவிடப்படவில்லை. அவை படியெடுக்கப்பெற்றுப் புதிய சுவர்களிற் பொறிக்கப்பட்டன; பழங்கல்லின் படி என்னும் குறிப்பும் உடன் வெட்டப்பட்டது. ஆடு வைத்தாரும் பொன் வைத்தாரும் சோழர் குடியினர் அல்லர். ஆட்சி மாறிய பின் அவர்தம் அறத்தை நினைவூட்டுவாரும் இலர். எனினும், பிறர் செய்த அறம் தம் திருப்பணியால் மறைதலாகாதென அம்மையார் கருதினார் போலும். கோயில் எடுப்பித்தல் செல்வமுடையார் யார்க்கும் இயலும். தமக்கு முன்னிருந்த அடியாரின் பெயரைத் தாம் எடுத்த சுவரிலேயே வாழவைத்தல் அன்புடையார்க்கே இயலும்.

அவ்வன்பு அம்மையார்பாலே மீண்டு வந்தமையையும் கல்வெட்டுக்கள் காட்டும். நாகப்பட்டின மாவட்டத்தில் அவர் பெயராலேயே செம்பியன் மாதேவி என்னும் ஊர் உளது. அங்குள்ள கயிலாசநாதர் கோயிலில், உத்தம சோழன் தேவியர் பலர், தம் மாமியார் பிறந்த கேட்டை நாளில் வழிபாடும் உணவளிப்பும் நிகழ நிவந்தம் வைத்தனர். மாமியார் பிறந்தநாளை மருமக்கள் அறமாகக் கொண்டாடிய ஊர் அது. முதல் இராசேந்திரன் காலத்தில், கி.பி. 1019 ஐ ஒட்டி, அம்மையாரது திருவுருவமும் அக்கோயிலில் எழுந்தருளுவிக்கப்பெற்று, அதன் வழிபாட்டிற்கும் நிவந்தம் வகுக்கப்பட்டது. கல்வெட்டுக்களில் இன்னார் மகளார், இன்னார் தேவியார், இன்னாரை ஈன்றார் எனக் குறிக்கப்பெற்றவர், அவ்வூர்ப் பெயரில் ஒருவரையும் சாராது தாமே விளங்குகின்றார்.

சரியையும் கிரியையும் ஞானத்திற்குப் படிகள் என்பது சித்தாந்தம். கோயில் நிலைத்தாலன்றிச் சரியைத் தொண்டிற்கு இடமில்லை. நிலமும் விளக்கும் நிலைத்தாலன்றிக் கிரியை நிகழாது. ஆகலின் முல்லைவாயிலில் அம்மையார் வைத்த நிலம் வெறும் பொருட்கொடை அன்று. பின்வருவார் ஏறுதற்கு இட்ட படியென்றே கொள்ளல் தகும்.

இக்காலத்து அம்பத்தூரும் ஆவடியும் தொழிற்சாலைகளாலும் குடியிருப்புக்களாலும் நெருங்கியுள்ளன. அடியார் தொகை பெருகவே, திருப்பணிகளும் பெருகுகின்றன, அது மகிழத்தக்கதே. ஆனால், திருப்பணி என்னும் பெயரால் மணலை வீசிச் சுவர்களைத் தேய்த்தலும், எழுத்துள்ள கல்லின்மேல் சுதை பூசுதலும், பழங்கற்களைத் தரையிற் பரப்புதலும் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் நிகழ்ந்துள்ளன. தேய்ந்தது கல்லன்று, ஓர் அடியாரின் அறமாகும். கோயில் புதுக்குவோர் உளிகொள்ளுமுன் திருக்கோடிகாவை ஒருகால் நினைப்பாராக. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர்ச் செம்பியன் மாதேவியார் செய்து காட்டிய முறை அங்கே கல்லிலேயே உளது. முல்லைவாயிலில் கொடியிடைநாயகியம்மையின் திருமுன் நின்று வணங்குவோர், அம்மையாரையும் உடன் நினைந்து வணங்குதல் நன்றியறிதலாம்.

திருச்சிற்றம்பலம்