இடைப்பெயர் (தமிழ்ப் பெண்பெயர்கள்)

இடைப்பெயர் என்பது ஒருவரின் முதற்பெயருக்கும் குடும்பப்பெயருக்கும் நடுவில் அமையும் பெயர் ஆகும். ஆங்கில வழக்கில் இது பெற்றோர் தம் விருப்பப்படி தெரிவு செய்யும் கூடுதல் பெயராகும். உருசிய வழக்கில் இது தந்தையின் பெயரிலிருந்து ஆக்கப்படுகின்றது. தமிழரிடையே வழிவழியாக வரும் குடும்பப்பெயர் பெரும்பாலும் இல்லாமையால் இடைப்பெயர் என்ற தனி உறுப்பும் இல்லை. எனினும், பெண்ணின் இயற்பெயருடன் சேரும் இரண்டாவது பெயர் தலைப்பெழுத்தாகவோ, பாட்டியின் பெயராகவோ, தெய்வப் பெயராகவோ அமைவதுண்டு. இக்கட்டுரை கொங்கு நாட்டு வழக்கை, சிறப்பாகக் கோயம்புத்தூர் மாவட்டம் காரமடை வட்டார வழக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அப்பெயர் தெரிவு செய்யப்படும் முறையையும் அதன் விளைவுகளையும் விளக்குகின்றது.

கொங்கு நாட்டு வழக்கு

பேரன், பேத்தி ஆகிய சொற்கள் பெயரன், பெயர்த்தி என்பவற்றின் மரூஉ ஆகும். பாட்டன் அல்லது பாட்டியின் பெயரைத் தாங்குபவர் என்பது இவற்றின் பொருள். கொங்கு நாட்டில் தந்தைவழிப் பாட்டியான ஆத்தாவின் பெயரையோ, தாய்வழிப் பாட்டியான அம்மிச்சியின் பெயரையோ பெண் குழந்தைக்கு இடும் வழக்கம் இச்சொல்லின் பொருளுக்கு இயைந்ததாகும்.

இவ்வழக்கமே இரண்டாவது பெயர் தோன்றுவதற்கும் ஒரு காரணமாயிற்று. மருமகள் தன் மாமியாரின் பெயரை வாய்விட்டுச் சொல்வது மரியாதைக் குறைவு எனக் கருதப்பட்டது. ஆகவே, மாமியாரின் பெயரைத் தாங்கிய மகளை அழைப்பதற்கு வேறொரு பெயர் தேவைப்பட்டது. இவ்வாறு ஒரே பெண்ணுக்கு இட்ட பெயர் ஒன்றும் அழைக்கும் பெயர் ஒன்றும் அமைந்தன.

ஊர்த் தெய்வத்தின் பெயரை இடுதலும் பரவலான வழக்கமாகும். காரமடையில் அரங்கநாதர் கோயில் அமைந்துள்ளமையால், அவ்வட்டாரத்தில் ஆண்களுக்கு ரங்கசாமி, ரங்கன் என்பனவும், பெண்களுக்கு ரங்கம்மாள், ரங்கநாயகி என்பனவும் இடப்பட்டு வந்துள்ளன. தற்காலத்தில் பள்ளிக்கென ஒரு புதுப்பெயரைத் தெரிந்து, பாட்டியின் பெயரையோ தெய்வத்தின் பெயரையோ இரண்டாவதாக வைத்துக்கொள்ளும் குடும்பங்களும் உள்ளன.

தலைப்பெழுத்து

ஆங்கில இடைப்பெயரின் இடத்திற்குத் தமிழகத்தில் மிக நெருங்கி வருவது தலைப்பெழுத்தாகும். இது பொதுவாகத் தந்தை பெயரின் முதலெழுத்தாகும். சிலர் ஊர்ப் பெயரின் முதலெழுத்தையும் முன்னால் சேர்ப்பர். 1929 ஆம் ஆண்டில் செங்கல்பட்டில் நடைபெற்ற சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டும் எனத் தீர்மானித்தது. பெயரின் பின்னால் வந்த சாதிப் பட்டம் அருகியபின், முன்னால் உள்ள தலைப்பெழுத்தே ஒருவரை வேறுபடுத்திக் காட்டும் உறுப்பாயிற்று.

தலைப்பெழுத்து தந்தையினுடையதாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. கொங்கு நாட்டில் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளின் தலைப்பெழுத்துகள் கொடுமுடி என்ற ஊரையும், தாய் பாலாம்பாளையும் குறிப்பன. எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் மதுரையும் தாய் சண்முகவடிவும் உள்ளனர். எம். எல். வசந்தகுமாரியின் பெயரில் உள்ள இரண்டாவது எழுத்து தாய் லலிதாங்கியைக் குறிக்கும். மாறாக, டி. கே. பட்டம்மாளின் பெயரில் தாமல் என்ற ஊரும் தந்தை கிருஷ்ணசுவாமியும் இடம்பெறுகின்றன. இவர்கள் அனைவரும் மணமான பின்னரும் தம் தலைப்பெழுத்துகளாலேயே அறியப்பட்டனர்.

பொதுவழக்கில், பெண்கள் பலர் திருமணத்திற்குப் பின் தந்தையின் எழுத்தை நீக்கிக் கணவரின் எழுத்தைச் சேர்த்துக் கொள்கின்றனர். இது வழக்கமே, இந்தியச் சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. மாற்றிக்கொள்பவருடைய கல்விச் சான்றிதழ்களில் ஒரு பெயரும், பிற்கால ஆவணங்களில் வேறொரு பெயரும் அமைந்துவிடுகின்றன. ஆனால், இரண்டாவது பெயர் பாட்டியின் பெயராகவோ தெய்வப் பெயராகவோ இருந்தால், அது பெண்ணின் சொந்தப் பெயரின் பகுதியாகவே வாழ்நாள் முழுவதும் நிற்கும்.

ஒலிப் பொருத்தம்

இரு பெயர்களை இணைக்கையில் தமிழின் புணர்ச்சி விதிகள் பயன்படும்.

முதற்பெயர் இ, ஈ, ஐ ஆகியவற்றில் முடிந்து அடுத்த பெயர் உயிரெழுத்தில் தொடங்கினால் யகர உடம்படுமெய் தோன்றும். எ.கா: தமிழ்மொழி + அரசி = தமிழ்மொழியரசி.

வல்லினம் மிகும் இடங்களும் உண்டு. எ.கா: கலை + செல்வி = கலைச்செல்வி; மலர் + கொடி = மலர்க்கொடி.

முதற்பெயர் குறுகியதாயின் நீண்ட இரண்டாம் பெயரும், நீண்டதாயின் குறுகிய இரண்டாம் பெயரும் சொல்வதற்கு எளிதாக அமையும். "நிலா ரங்கநாயகி" என்பதை எளிதில் சொல்லலாம். "திரிபுரசுந்தரி ரங்கநாயகி" என்பது நாவிற்கும் படிவத்திற்கும் நீளமானது.

எழுதும் முறையையும் கருத வேண்டும். "கலைச்செல்வி" என்பதும் "கலை செல்வி" என்பதும் செவிக்கு ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கு அவை இரு வேறு பெயர்கள். அவ்வாறே ஞானசேகரன் மகளின் தலைப்பெழுத்து தமிழில் "ஞா." எனவும் ஆங்கிலத்தில் "ஜி" எனவும் அமையும். தமிழில் பெயர் எழுதும்போது தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் எனத் தமிழக அரசு 2021 இல் ஆணையிட்டது.

ஆவணங்களில் இரண்டாம் பெயர்

இந்தியாவில் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். குழந்தையின் பெயரின்றிப் பதிவு செய்திருந்தால், 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். எனவே பெயரைத் தெரிய அவசரப்பட வேண்டியதில்லை. ஆயின், 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தின்படி, அந்நாள் முதல் பிறப்பவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் முதலியவற்றிற்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்கும் இடத்திற்கும் சான்றாகும். ஆகவே அதில் எழுதப்படும் பெயரின் முக்கியத்துவம் கூடியுள்ளது.

இந்தியக் கடவுச்சீட்டில் இடைப்பெயருக்குத் தனிக் கட்டம் இல்லை. தலைப்பெழுத்தையும் விரித்தெழுத வேண்டும். இதனால் தந்தையின் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் அமர்ந்து, வெளிநாட்டில் பெண்ணைத் தந்தையின் பெயராலேயே அழைக்கும் நிலை ஏற்படுகின்றது. அக்கட்டத்தை வெறுமையாக விடுவதிலும் இடர் உண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள கடவுச்சீட்டுடன் வருகை விசாவில் வருவோருக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2016 டிசம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம், விண்ணப்பத்தில் தாய் அல்லது தந்தை ஒருவரின் பெயரே போதுமானது என விதியைத் தளர்த்தியது.

மலேசியாவில் தமிழ்ப் பெண்ணின் பெயருக்கும் தந்தையின் பெயருக்கும் நடுவில் "மகள்" எனப் பொருள்படும் மலாய்ச் சொற்களின் சுருக்கம் இடம்பெறுவதால் எது யாருடைய பெயர் என்பது தெளிவாகின்றது.

தெரிவில் கருதத்தக்கவை

இரண்டாம் பெயரைத் தனிச் சொல்லாக எழுதுவதா, சேர்த்தெழுதுவதா என்பதைப் பதிவிற்கு முன்பே முடிவு செய்தல் நன்று. ஆங்கில எழுத்துக்கூட்டலையும் ஒருமுறை முடிவு செய்து எல்லா ஆவணங்களிலும் மாற்றமின்றிப் பின்பற்றுதல் வேண்டும். இரு பெயர்களையும் தலைப்பெழுத்துடன் சேர்த்து உரக்கச் சொல்லிப் பார்த்தால் ஒலிப் பொருத்தம் விளங்கும். இவை அனைத்திலும் முதன்மையானது, திருமணத்திற்குப் பின்னும் அப்பெண்ணிடம் நிலைக்க வேண்டிய பெயர் எது என்பதாகும். அப்பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுருக்காமல் முழுமையாகப் பதிவு செய்வதே அதனைக் காக்கும் வழியாகும்.