ஒரு பாடல் ஊரெங்கும் ஒலிப்பது எதனால்? – ‘சுராங்கனி’ கடல் கடந்த வரலாறு



பெற்றோர் ஆசிரியர் சந்திப்புகளில் ஆண்டுதோறும் தவறாமல் எழும் குறை ஒன்று உண்டு. நான்கு வரிச் செய்யுளை மனனம் செய்ய ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும் பிள்ளை, நேற்று வெளிவந்த திரைப்பாடலை இரண்டே நாளில் முழுமையாகப் பாடிவிடுகிறான்; இது எப்படி என்று பெற்றோர் வினவுகின்றனர். அவனைக் கடிந்துகொள்வதற்கு முன், அப்பாடல் அவன் நாவில் எவ்வழியாக வந்து அமர்ந்தது என்று பார்ப்பது பயனுடையது. அதற்கு நமக்கு நன்கு தெரிந்த ஒரு பாடலின் வரலாறே போதும்.

இனிய மெட்டும் நல்ல குரலும் இருந்தால் பாடல் வெற்றி பெறும் என்பது பொதுவான எண்ணம். இது பாதி உண்மையே. 2006-ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளிவந்த சோதனை ஒன்று இங்கே நினைவுகூரத்தக்கது. அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர், பெயர் அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்து, 14,000-க்கும் மேற்பட்டோரைக் கேட்கச் செய்தனர். ஒரு பிரிவினர் பிறர் விருப்பத்தை அறியாமல் தாமாகவே தேர்ந்தெடுத்தனர். ஏனையோர் எட்டுத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். தம் குழுவில் எப்பாடல் எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்பது அவர்களுக்குக் காட்டப்பட்டது. விளைவு வியப்பானது. ஒரு குழுவில் முதலிடம் பெற்ற பாடல் இன்னொரு குழுவில் நாற்பதாம் இடத்திற்குத் தள்ளப்பட்டது. மிகச் சிறந்தவை பெரும்பாலும் கீழே விழவில்லை. மிக மோசமானவை பெரும்பாலும் மேலே ஏறவில்லை. இடைப்பட்டவற்றின் தலையெழுத்தை முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை. பிறர் கேட்கிறார்கள் என்பதே கேட்பதற்குக் காரணமாகிவிடுகிறது.

ஆயினும், பிறர் கேட்பதால் கேட்கப்படும் பாடல் ஒரு பருவத்திற்கு மட்டுமே ஓடும். ஐம்பது ஆண்டுகள் நிலைப்பதற்கு வேறு ஏதோ தேவைப்படுகிறது. ‘சுராங்கனி’யை எடுத்துக்கொள்வோம். ஜொகூரில் தமிழர் திருமண விருந்துகளிலும் கல்விச் சுற்றுலாப் பேருந்துகளிலும் இதனைக் கேளாதவர் அரியர். சுராங்கனி என்னும் பெண்ணுக்காக மீன் கொண்டு வந்திருப்பதாக ஒருவன் பாடுகிறான், பொருள் அவ்வளவுதான். பல்லவியோ சிங்களம். அதன் பொருள் அறியாமலேயே நம்மவர் மூன்று தலைமுறையாகப் பாடி வருகின்றனர். பொருள் தெரிந்தால்தான் மனத்தில் பதியும் என்று வகுப்பறையில் வலியுறுத்தும் நமக்கு இது சற்றுச் சங்கடமான சான்றுதான்!

இப்பாடலின் இசை வகைக்குப் பைலா என்று பெயர். ஆடுதல் என்னும் பொருள் தரும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. போர்த்துகீசியர் 1505-இல் இலங்கைக்கு வந்தனர். 1658-இல் யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்து வெளியேறினர். அவர்கள் தம்முடன் அழைத்துவந்த ஆப்பிரிக்கர்களின் தாளமும் போர்த்துகீசிய நாட்டார் பாடல்களும் கலந்து ‘கஃப்ரிஞ்ஞா’ என்னும் ஆட்ட இசை பிறந்தது. அரசு போனது, ஆட்டம் போகவில்லை. மட்டக்களப்பில் வாழும் போர்த்துகீசிய வழிப் பறங்கியர் திருமணங்களில் அது தொடர்ந்து ஆடப்பட்டு வந்தது.

அந்த வீட்டு ஆட்டத்தைப் பொது மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படுபவர் வொலி பஸ்டியன். இவர் காவல்துறையில் பணியாற்றியவர். 1940-களில் சிங்களச் சொற்களை இத்தாளத்தில் பொருத்திப் பாடிப் புகழ்பெற்றார். ‘வாத பைலா’ என்னும் போட்டிப் பாடல் முறையும் இவரால் பரவியது. ஒருவர் ஒரு கண்ணியைப் பாட, எதிராளி அவ்விடத்திலேயே புனைந்து மறுமொழி பாட வேண்டும். நம் நாட்டுப்புறத்தின் எசப்பாட்டை அறிந்தவர்களுக்கு இம்முறையை விளக்க வேண்டியதில்லை. எவரும் நுழைந்து தம் கண்ணியைச் சேர்த்துவிடலாம் என்னும் இத்தன்மையே பைலாவின் உயிர். ‘சுராங்கனி’ அடைந்த வெற்றியின் வேரும் இதுவே என்பது என் கருத்து.

வேர் இருந்தால் போதாது, நீரும் வேண்டுமன்றோ? அந்த நீர் வானொலி. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950-இல் தொடங்கியது. இந்தியாவில் 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இசைச்சுவையைக் கெடுக்கின்றன என்று கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றைப் பெரிதும் ஒதுக்கினார். கேட்க விரும்பியவர்கள் அலைவரிசையைக் கொழும்பின் பக்கம் திருப்பினர். விருப்பமில்லாததைக் கேட்கும்படி மக்களைப் பணிக்க முடியாது என்று அரசு உணர ஐந்தாண்டுகள் ஆயின; 1957-இல் விவித் பாரதி தொடங்கப்பட்டது. அதற்குள் தென் தமிழகத்து வீடுகளும் தேநீர்க் கடைகளும் இலங்கைத் தமிழ் ஒலிபரப்புக்குப் பழகிவிட்டன. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகிய அறிவிப்பாளர்களின் பெயர்கள் நடிகர்களின் பெயர்களைப் போலவே அங்கு அறியப்பட்டிருந்தன. கடலுக்கு அப்பாலிருந்து ஒரு புதிய பாடல் வந்தால், கேட்பதற்குக் காதுகள் முன்பே ஆயத்தமாக இருந்தன.

புதிய பாடல்களும் வந்தன. 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் ஈழத்தில் ‘பொப் இசை’ என்னும் அலை எழுந்தது. 1970-இல் ஆட்சிக்கு வந்த அரசு அந்நியச் செலாவணியைக் காக்க இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. தமிழகத்து வார இதழ்களும் அக்கட்டுப்பாட்டில் சிக்கின. உள்ளூர்க் கலைஞர்களுக்கு அதனால் இடம் கிடைத்தது. இவ்வலையின் முன்னோடி நித்தி கனகரத்தினம். மாமியை விளித்து அவர் மகளைப் பற்றி வினவும் ‘சின்ன மாமியே’ என்னும் அவருடைய பாடல் ஈழத் தமிழரிடையே இன்றும் வாழ்கிறது. கள்ளுக்கடைக்குப் போகாதே என்று அறிவுறுத்தும் பாடலும் அவருடையதே. அறிவுரைப் பாடல் ஆட்டப் பாடலாகவும் அமைந்தது அபூர்வம்.

சொல்லப்போனால், பாட்டாக மட்டும் எடை போட்டால் ‘சின்ன மாமியே’ ‘சுராங்கனி’யைவிடச் சிறந்தது. அதில் யாழ்ப்பாணத்து வீட்டு முற்றம் இருக்கிறது, உறவு இருக்கிறது, எள்ளல் இருக்கிறது. ஆனால் அவ்வூர்ப் பேச்சின் சுவை அறிந்தவருக்கே அது முழுமையாகத் திறக்கும். ‘சுராங்கனி’க்கு அத்தகைய வாசல் இல்லை. பெயர் ஒன்று, மீனைக் குறிக்கும் சிங்களச் சொல் ஒன்று, அச்சொல்லையே அடுக்கிச் செல்லும் தாளம். மூன்று வயதுக் குழந்தையும் சேர்ந்துகொள்ளலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஏ. இ. மனோகரன் இதனை மேடை மேடையாகப் பாடிப் பரப்பினார். ‘பொப் இசைச் சக்கரவர்த்தி’ என்னும் பட்டமும் அவரைச் சேர்ந்தது. பின்னர்ப் பல இந்திய மொழிகளில் இப்பாடல் உருமாறியபோதும், பல்லவியின் அந்தச் சிங்களச் சொற்களைப் பலரும் மாற்றாமலே விட்டுவிட்டனர். மாற்றியிருந்தால் பாட்டின் துள்ளல் கெட்டிருக்கும்.

1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழ்த் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையில் ‘சுராங்கனி’ இடம்பெற்றது. அதனைப் ரேணுகாவுடன் சேர்ந்து பாடியவர் நம் மண்ணில் பிறந்து சென்னைக்குச் சென்ற மலேசியா வாசுதேவன். அதே ஆண்டில்தான் ‘பதினாறு வயதினிலே’ அவரைத் தமிழகம் முழுவதும் அறியச் செய்தது. எண்ணிப் பாருங்கள்: போர்த்துகீசியரும் ஆப்பிரிக்கரும் தந்த தாளம், சிங்களப் பல்லவி, யாழ்ப்பாணத்துத் தமிழரின் மேடை, பண்ணைப்புரத்து இசையமைப்பாளர், மலேசியத் தமிழரின் குரல். ஒலிநாடா வழியாக அது திரும்பவும் நம் தோட்டப்புறங்களுக்கே வந்து சேர்ந்தது.

இங்கே அது எளிதில் வேரூன்றியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. போர்த்துகீசியர் 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றியவர்கள். அவர்கள் வழிவந்த கிறிஸ்தாங் மக்கள் ‘பிராஞ்ஞோ’ என்னும் ஆட்டத்தை இன்றும் ஆடுகின்றனர். மலாய்க்காரர்களின் ஜோகெட் ஆட்டமும் இதற்கு உறவுடையது. இவை யாவும் பைலாவைப் போலவே ஆறு அசை கொண்ட துள்ளல் நடையில் அமைந்தவை. மலாக்காவின் ‘ஜிங்க்லி நோனா’ என்னும் பாடலுக்கும் இலங்கைப் பறங்கியரின் ‘சிங்கெலி நோனா’வுக்கும் உள்ள உறவை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். ஆகவே ஜோகெட் கேட்டு வளர்ந்த மலேசியத் தமிழரின் கால்களுக்குச் ‘சுராங்கனி’ அந்நியமாகத் தோன்றவில்லை. உளவியலாளர் ராபர்ட் சயோன்ஸ் 1968-இல் விளக்கியதுபோல, பலமுறை எதிர்ப்பட்ட ஒன்றையே மனம் விரும்பத் தொடங்குகிறது.

‘ராசா சாயாங்’ பாடலை இதனுடன் ஒப்பிடலாம். 2007-இல் சுற்றுலா விளம்பரத்தில் அது பயன்படுத்தப்பட்டபோது, அது யாருக்கு உரியது என்று மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் இடையே பெரும் சர்ச்சை மூண்டது. பல்லவி ஒன்றே, இடையில் வருவன பந்துன் செய்யுள்கள். யார் வேண்டுமானாலும் தம் பந்துனைச் சேர்த்துப் பாடலாம். எல்லாரும் சேர்த்துப் பாடியதாலேயே எல்லாரும் தமது என்று உரிமை கொண்டாடுகின்றனர்.

அண்மைக் கால வெற்றிகளிலும் இந்தச் சாயல் தென்படுகிறது. 2006-இல் நம் யோகி பி – நட்சத்திரா குழுவினர் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பில் தந்த ‘மடை திறந்து’, 1980-ஆம் ஆண்டு ‘நிழல்கள்’ படத்தின் பாடலை அடியாகக் கொண்டது. பழகிய மெட்டின் மேல் புதிய சொல்லிசை. அதுவரை தமிழகத்திலிருந்து இங்கே வந்துகொண்டிருந்த பாடல் ஓடை, அப்போது எதிர்த்திசையில் பாய்ந்தது. 2011 நவம்பரில் இணையத்தில் வெளியான ‘கொலவெறி’யை நான் விரும்பியதில்லை. ஆங்கிலச் சொற்களைத் தமிழ் ஒலியில் உடைத்துக் கோத்த அப்பாடல் நம் மாணவர்களுக்கு என்ன தந்தது என்பது தனிக் கேள்வி. எனினும் அதன் வெற்றியின் சூத்திரம் புதிதன்று. எளிய சொற்கள், நிதானமான நடை. எவரும் தமக்கேற்றபடி மாற்றிப் பாடலாம் என்னும் துணிவை அது தந்தது. நூற்றுக்கணக்கானோர் அவ்வாறே மாற்றிப் பாடி இணையத்தில் ஏற்றினர்.

பெர்மாஸ் ஜெயாவில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடல் வரும் வழிகள் பல. மின்னல் எஃப்எம் உண்டு, ராகா உண்டு, நீரிணையைத் தாண்டி வரும் சிங்கப்பூரின் ஒலி 96.8 உண்டு, திறன்பேசி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. பள்ளி வாயிலைத் தாண்டியதும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசத் தொடங்கும் பிள்ளைகள் சிலர், நாள் முழுவதும் விரும்பிச் சொல்லும் தமிழ் அந்தப் பாடல் வரிகள் மட்டுமே. அதையும் பறித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று அஞ்சுகிறேன். செய்யுளை நாம் ஓதிக்காட்டி, பின் ஒப்பிக்கச் சொல்கிறோம். பிள்ளை இடையில் நுழைந்து தன் பங்கைச் சேர்க்க அங்கே இடமே இல்லை. முன்பாட்டும் பின்பாட்டுமாகக் கொன்றைவேந்தனை இரு வரிசைகளாகப் பிரித்துப் பாடச் செய்து பாருங்கள். மூன்றாம் நாள் தாள் தேவைப்படாது.

இவ்வரலாற்றில் துயரமான பக்கமும் உண்டு. 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் தமிழரும் சிங்களவரும் ஒரே மேடையில் பாடிய காலம் குலைந்தது. ஈழத்துப் பொப் இசைக் கலைஞர்கள் பலர் நாடு நாடாகச் சிதறினர். நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்தார். மனோகரன் தமிழகத்தில் திரைப்படங்களில் நடித்தார். 2018 ஜனவரி 22-ஆம் நாள் சென்னையில் காலமானார். போர் நடந்த இருபத்தாறு ஆண்டுகளிலும், லண்டனிலும் டொரொன்டோவிலும் குடியேறிய ஈழத் தமிழர் வீட்டு விழாக்களில், மீன் கொண்டுவந்தவனின் அந்தச் சிங்களப் பல்லவி பாடப்பட்டுக்கொண்டேதான் இருந்தது.