கட்டற்றது வேறு, இலவசம் வேறு

ஆங்கிலத்தின் 'ஃப்ரீ' என்ற சொல்லுக்குக் காசில்லாதது, தடையில்லாதது என இரு பொருள். 1983இல் க்னூ என்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்த ரிச்சர்டு ஸ்டால்மன், தாம் பேசுவது உரிமையைப் பற்றி, விலையைப் பற்றி அல்ல என்று பல்லாண்டுகளாக விளக்கிவருகிறார்.

தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. காசில்லாததற்கு 'இலவசம்' உண்டு. உரிமைக்குக் 'கட்டற்ற' வாய்த்தது. கட்டு என்றால் பிணைப்பு. அற்ற என்றால் நீங்கிய. மென்பொருளை இயக்க, படித்தறிந்து திருத்த, பகிர, திருத்தியதையும் பகிர என நான்கு உரிமைகளும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. தமிழ் விக்கிப்பீடியாவும் தன்னைக் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்றே சொல்லிக்கொள்கிறது.

1998இல் இத்தகைய மென்பொருளுக்கு 'ஓப்பன் சோர்ஸ்' என்ற இன்னொரு பெயரும் வந்தது. தமிழில் அது 'திறமூலம்' ஆயிற்று. அழகான வினைத்தொகை: திறந்த, திறக்கின்ற, திறக்கும் என முக்காலமும் அதற்குள் இருக்கிறது. ஆனால் வகுப்பில் முதன்முறை கேட்கும் மாணவர் அதைத் 'திறம்' என்று பிரித்துவிடலாம். 'மூலம்' நோயின் பெயராகவும் காதில் விழும். 'திறந்த மூலநிரல்' என்று தொடங்கி, நிரலைக் கண்முன் காட்டிவிட்டு, பிறகு திறமூலத்துக்கு வருவதே நல்லது.

'இலவச மென்பொருள்' என்று மட்டும் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கட்டற்ற மென்பொருளை விலைக்கு விற்கவும் அதன் உரிமம் இடம் தருகிறது.