ஆட்டிசம்: உணர்ச்சிகளைக் கையாள உதவும் விளையாட்டுகள்

ஆட்டிசம் உள்ள குழந்தை திடீரென அலறுவதும் தரையில் விழுந்து புரள்வதும் பெரும்பாலும் பிடிவாதமன்று. இரைச்சல், கூட்டம், எதிர்பாராத மாற்றம் போன்றவற்றைத் தாங்க இயலாத நிலையாகும். அந்நேரத்தில் புதிதாக எதையும் கற்பிக்க இயலாது. ஆகவே, குழந்தை அமைதியாக இருக்கும்போதே பின்வரும் விளையாட்டுகளைப் பழக்குங்கள்.

• வண்ண அட்டை: ‘ஜோன்ஸ் ஆஃப் ரெகுலேஷன்’ என்னும் முறை உணர்வுநிலைகளை 4 வண்ணங்களால் குறிக்கிறது. சோர்வு, சோகம் – நீலம். அமைதி – பச்சை. பதற்றம் – மஞ்சள். கடுங்கோபம், பேரச்சம் – சிவப்பு. முதலில் உங்கள் நிலையைத் தொட்டுக் காட்டுங்கள். பேசாத குழந்தையும் இவ்வாறு தன் நிலையை உணர்த்தலாம். எந்த வண்ணமும் தவறானதன்று.

• சோப்புக் குமிழி ஊதுதல்: மூச்சு மெதுவாகவும் நீளமாகவும் வெளியேறுவதால் உடலின் இறுக்கம் தளரும்.

• மாவு பிசைதல், ஊஞ்சல்: கைக்குக் கிடைக்கும் அழுத்தமும் சீரான அசைவும் பல குழந்தைகளை அமைதிப்படுத்தும். குழந்தை விரும்பாவிடில் வற்புறுத்தாதீர்கள்.

இப்பொருள்களைத் தண்டனையாகப் பறிக்காதீர்கள். அலறல் தொடங்கிவிட்டால், பேச்சையும் வெளிச்சத்தையும் குறைத்து, காயம் ஏற்படாதவாறு அருகில் இருங்கள்.

குழந்தை தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ, கற்ற சொற்களை இழந்தாலோ குழந்தைநல மருத்துவரைத் தாமதமின்றி அணுகுங்கள்.