எந்த புக்கு வாங்கலாம்?

பக்கத்து வீட்டுப் பையன் நேற்று ராத்திரி வந்தான். "அண்ணே, எம்.எஸ்சி.க்கு குவாண்டம் மெக்கானிக்ஸ் புக்கு எது வாங்கலாம்?" பத்துபஸ்தியில் இருந்துகொண்டு புரட்டிப் பார்த்து வாங்க வழியில்லை. தப்பானதை வரவழைத்தால் காசும் போச்சு, நாளும் போச்சு. அவனுக்கு ஒரு பழங்கதை சொன்னேன்.

1928. சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர், சாமர்ஃபெல்டின் அணு நிறமாலைப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தார். அந்த சாமர்ஃபெல்டே சென்னைக்கு வந்தார். இவர் நேரே ஓட்டலுக்குப் போய் நின்றார். பெரியவர் சொன்னது: நீ படித்ததெல்லாம் பழசு! ஆங்கிலப் பதிப்பு வந்தது 1923-ல். 1925-ல் ஹைசன்பர்க், 1926-ல் ஷ்ரோடிங்கர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள்.

ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஃபெர்மி-டிராக் புள்ளியியலை வைத்து, உலோக எலக்ட்ரான்கள் பற்றி எழுதிய தன் கட்டுரையின் அச்சுப்படியைக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு எழுதிய கட்டுரை 1929-ல் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. 1930-ல் கப்பலில் போகும்போது அதே புள்ளியியலை வெள்ளைக் குள்ள விண்மீன்களுக்குப் போட்டுப் பார்த்தார். 1983-ல் நோபல்.

"அப்போ புதுசா பாத்து வாங்கணுமாண்ணே?"

அப்படியில்லை. அன்று அஸ்திவாரமே மாறியது. ஐந்தே வருடத்தில் புத்தகம் பழசானது. அதற்கப்புறம் அஸ்திவாரம் மாறவில்லை. அதனால் 1976-ல் வந்த மாத்யூஸ்-வெங்கடேசன் இன்றைக்கும் தைரியமாக வாங்கலாம். லேசர், கருவிகள் என்று வந்தால் மட்டும் புதுப் பதிப்பு பார்.

"அவர் அந்தப் பழைய புக்கைப் படிச்சது வேஸ்டா?"

அதைப் படித்திருந்ததால்தானே தம்பி, அந்தக் கதவைத் தட்டத் தைரியம் வந்தது!