தீ இல்லாத எஞ்சினில் ஃபயர்மேன்

1827இல் தொடங்கப்பட்ட பால்டிமோர் அண்டு ஒஹாயோ, அமெரிக்காவின் மிகப் பழைய ரயில் நிறுவனங்களுள் ஒன்று. நிலக்கரியை ஏற்றிச் செல்வது அதன் முக்கிய வருவாய். அந்நிறுவனமே 1937இல் நிலக்கரி தேவைப்படாத எஞ்சின்களைத் தன் பயணிகள் ரயில்களில் பூட்டியது.

'ஈஏ' என்ற அவ்வகை எஞ்சினைத் தயாரித்தது ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த எலக்ட்ரோ-மோட்டிவ் நிறுவனம். 1934இல் வந்த டீசல் விரைவு ரயில்களில் எஞ்சினும் பெட்டிகளும் பிரிக்கமுடியாதபடி இணைக்கப்பட்டிருந்தன. ஈஏ தனித்து நின்றது, எந்தப் பெட்டிகளையும் இழுத்தது. அதனுள் 12 சிலிண்டர்கள் கொண்ட இரண்டு விண்டன் டீசல் பொறிகள். ஒவ்வொன்றும் 900 குதிரைத்திறன். அவை ஜெனரேட்டரைச் சுழற்ற, மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களை இயக்கியது. எஞ்சினை ஓட்ட அடுப்பு தேவைப்படவில்லை. குளிர்காலத்தில் பெட்டிகளைச் சூடாக்க ஒரு சிறு கொதிகலன் மட்டும் எஞ்சியது.

அப்படியானால் ஃபயர்மேனுக்கு என்ன வேலை? நீராவி எஞ்சினில் தீயையும் நீரையும் கவனித்து அழுத்தம் குறையாமல் காத்தவர் அவர். 1937இலேயே ஃபயர்மேன்களின் தொழிற்சங்கம் ரயில் நிறுவனங்களுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்படி, டீசல் பயணிகள் ரயில்களிலும் ஃபயர்மேன் தொடர்ந்தார். பாதையைக் கவனிக்க இன்னொரு சோடிக் கண்கள் வேண்டும் என்பது சங்கத்தின் வாதம். ஓட்டுநராக உயர்வதற்கான பயிற்சி இருக்கையும் அதுவே.

ஆக, ஒரு செயலின் பெயர் ஓர் உரிமையின் பெயராக மாறியது. இதை வெறும் சொற்பொருள் மாற்றமாகக் கொண்டால் வரலாற்றின் பாதியைத் தவறவிடுவோம். அந்த உரிமை யாருடையது என்ற கேள்வியும் உடன் வருகிறது. அச்சங்கம் கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. தென்மாநிலங்களில் கரி அள்ளிய ஃபயர்மேன்களில் கணிசமானோர் கறுப்பினத்தவர். ஓட்டுநர் பதவி அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. புழுதியும் வெப்பமும் நீங்கி அந்த இருக்கை வசதியானதாக மாறியபோது, அதிலிருந்தும் அவர்களை அகற்றச் சங்கம் முனைந்தது. ஸ்டீல் என்ற ஃபயர்மேன் தொடுத்த வழக்கில் 1944இல் உச்ச நீதிமன்றம், பேரம் பேசும் சங்கம் பாகுபாடின்றி அனைவரையும் பிரதிநிதித்துவம் செய்யவேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

1963இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் கீழ் வந்த நடுவர் தீர்ப்பு, சரக்கு ரயில்களிலும் யார்டுகளிலும் பெரும்பாலான ஃபயர்மேன் இடங்களை நீக்க வழிவிட்டது. பயணிகள் ரயில்கள் அதில் அடங்கவில்லை.

ஈஏ வகையில் 51ஆம் எண் எஞ்சின் இன்று பால்டிமோர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதைக் காண்போர் அதன் வடிவழகையும் வேகத்தையும் வியப்பர். அதன் ஓட்டுநர் அறையில் இருக்கும் இரண்டாவது இருக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. தொழில்நுட்பம் ஒரு வேலையை இல்லாமலாக்கலாம். அதன் பிறகும் அந்த இடத்தில் யார் அமர்வது என்பதை முடிவுசெய்வது இயந்திரம் அன்று, மனிதர்களே.