மிதிக்கிற தண்ணியில் வரும் நோய்: எலிக்காய்ச்சலின் வரலாறு

நீரால் பரவும் நோய் எது என்று கேட்டால் மாணவர்கள் காலரா, டைபாய்டு என்றுதான் எழுதுவார்கள். சரிதான். ஆனால் அவை வாய்வழி வருபவை; தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடித்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களில் இன்னொன்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அது குடிக்கிற தண்ணியைவிட, மிதிக்கிற தண்ணியில்தான் அதிகம் வருகிறது. அதுதான் எலிக்காய்ச்சல், மலாயில் 'கென்சிங் திகுஸ்'.

1886இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வைல் இந்நோயின் கடுமையான வடிவத்தை விவரித்தார். கிருமியை 1915இல் ஜப்பானில் இனாடாவும் இடோவும் கண்டுபிடித்தார்கள். அங்கே நோய் கண்டவர்களில் பலர் ஈரத்தில் நின்று வேலை செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். அந்த பாக்டீரியாவின் பெயர் லெப்டோஸ்பைரா. எலியின் சிறுநீரகத்தில் வாழும். சிறுநீரோடு வெளியேறி நீரிலும் சேற்றிலும் கலக்கும். காயம், கண், மூக்கு, வாய் வழியே நம் உடம்பில் நுழையும்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வாங்க. 1917இல் கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் இருக்கிறது பாருங்கள்! செம்பனைப் பழம் எலிக்கு நல்ல தீனி. பிற்காலத்தில் எலிகளைக் குறைக்கவே தோட்டங்களில் கூகைக்குக் கூடு வைத்தார்கள். கோலாலம்பூரில் 1900இல் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பணியாற்றிய வில்லியம் ஃபிளெட்சர், மலாயாவிலும் இந்நோய் உண்டு என்பதை 1920களிலேயே காட்டிவிட்டார்.

பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2010இல் பகாங்கின் லுபோக் யூவில் நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடி ஆற்றில் இறங்கியவர்களிடையே நோய் பரவி 8 பேர் இறந்தார்கள். எலிக்காய்ச்சலோடு, மண்ணிலும் நீரிலும் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமியும் அங்கே சேர்ந்திருந்தது. அதே ஆண்டு மலேசியாவில் எலிக்காய்ச்சல் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோயானது.

தவிர்ப்பது எப்படி? வெள்ளத்திலோ கால்வாயிலோ இறங்கினால் பூட்ஸ் போடுங்கள். காயத்தை மூடுங்கள். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் குளியுங்கள். குப்பையைத் திறந்து போடாதீர்கள், எலி வந்துவிடும். வெள்ளத்தில் இறங்கிய சில நாளில் அல்லது சில வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் கிளினிக்கில் "தண்ணியில் இறங்கினேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால் ஆன்டிபயாட்டிக் மருந்து நன்றாக வேலை செய்யும். அந்த ஒரு சொல் உயிரையே காப்பாற்றலாம்.